ஓடைக்கு இந்தப் பக்கம்

கல்லே இல்லாத இடத்தில்தான் பகலவன் அதைச் சொன்னான்.

"மலரு, கல்லு வழுக்கும். பாத்துக் காலை வை."

மலர்விழி குனிந்து பார்த்தாள். காலடியில் சருகு, சருகுக்குக் கீழே மெத்தென்ற மண். சற்று முன் ஓடையைத் தாண்டும்போது இதையேதான் சொன்னான். அங்கே சொன்னது நியாயம், பாசி பிடித்த பாறை. இங்கே வழுக்க என்ன இருக்கிறது? முட்டி வலியில் ஏதோ உளறுகிறான் என்று நினைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே நடந்தாள்.

முன்னே அவள், பின்னே அவன். எப்போதும் அப்படித்தான் நடப்பார்கள். சர்க்கரை ஏறிப்போச்சு, தினமும் நடக்கணும் என்று டாக்டர் சொன்னதில் ஆரம்பித்தது. மணலூர்பேட்டையில் ஆற்றங்கரையோரம் நடந்துகொண்டிருந்த மனுஷன், கரை போதாமல் வேடந்தாங்கலுக்குப் போனான். அப்புறம் முதுமலை, களக்காடு, மேகமலை. தமிழ்நாட்டில் காடு என்று காபந்து பண்ணி வைத்திருக்கிற இடத்தையெல்லாம் காலால் நடந்தே பார்த்துவிடுவது என்று முடிவு கட்டிவிட்டான். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்து டிவி பார்ப்பதற்கு இது மேல் என்று அவளும் கூடக் கிளம்பினாள். கல்வராயன் மலை மட்டும் பாக்கி. பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தள்ளிப்போட்டே வந்த மலை.

கரியாலூருக்கு அந்தண்டை காடு தொடங்கும் இடம்வரை வனக் காவலர் அய்யனார் கூட வந்திருந்தார். "ஒரே வழிதாங்க. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மாறிப் போவ வேற வழியே கெடையாது. நான் வண்டியில சுத்திக்கினு போயி அந்தப் பக்கம் ரோட்டாண்ட நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.

மதியத்துக்கு மேல் மேகம் இறங்கியது. கடுக்காய் மரங்களின் உச்சியை முதலில் மூடி, பிறகு கிளைகளுக்குள் மெல்ல வழிந்து, உண்ணிச்செடிப் புதர்களின் மேல் ஈரத்துணி காயப்போட்டது போலப் படிந்து, கடைசியில் அவள் நீட்டிய கையின் விரல்நுனி வரை வந்து நின்றது. இலைகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம் எங்கும் கேட்டது. அதன் நடுவே பின்னால் வரும் செருப்புச் சத்தம். ஓடையைத் தாண்டியதும் பாட்டிலுக்குத் தண்ணீர் பிடிக்க அவன் பின்தங்கியிருந்தான். "நீ போய்க்கினே இரு, வரேன்" என்றான். கொஞ்ச தூரம் போனதும் அந்தச் சத்தம் வந்து சேர்ந்துகொண்டது. நல்லது, வந்துவிட்டான் என்று அவளும் நடையை எட்டிப் போட்டாள்.

"இன்னாங்க, முட்டி ரொம்ப நோவுதா?"

"மேகம் எறங்குது பாரு. பொழுது சாயறதுக்குள்ள ரோட்டுக்குப் போயிடணும்."

அவளுக்கு முதுகில் சில்லென்றது. ஏனென்று உடனே புரியவில்லை. நாலடி நடந்த பிறகுதான் புரிந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் வரும்போது அவன் சொன்னதுதான் இது. வார்த்தை மாறவில்லை. 'பாரு' என்றதும் வந்த சின்ன இருமல்கூட அதே இடத்தில் வந்தது.

காற்று பின்னாலிருந்து அடித்தது. காலையில் முட்டிக்கு அவன் பூசிக்கொண்ட தைலம் ஓடைவரைக்கும் அவளுடைய மூக்கைக் குடைந்துகொண்டேதான் வந்தது. இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு வாடை. வெகுகாலம் மூடிக் கிடந்த மண்பானையைத் திறந்தால் வருமே, அப்படி.

திரும்பிப் பார்க்கலாம். கழுத்தைத் திருப்பினால் போதும். கழுத்து திரும்பவில்லை.

நடந்துகொண்டே, குரல் நடுங்காமல் கேட்டாள். "ஏங்க, நம்ம வூட்டு சாவிய யாராண்ட குடுத்துட்டு வந்தோம்?"

செருப்புச் சத்தம் இரண்டடி வந்தது.

"நீ போய்க்கினே இரு, வரேன்."

அவள் போய்க்கொண்டே இருந்தாள். வேறென்ன செய்வது? ஒரு பக்கம் மேடு. ஒரு பக்கம் பள்ளம். ஓடவும் பயம், நிற்கவும் பயம். ஓடினால் அதுவும் ஓடிவரும் என்று தோன்றியது. அவன் காலை முதல் பேசியதையெல்லாம் அது ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தது. தோசையில் உப்பு கம்மி என்றது. பேன்ட்டில் முள் ஏறிவிட்டது என்றது. சிரிக்கவும் செய்தது, பஸ்ஸில் அவன் சிரித்த மாதிரியே.

அப்போது, கீழே, எங்கோ ஓடைப் பக்கமிருந்து இன்னொரு குரல் வந்தது.

"மலரூ! பாறை இடுக்குல காலு மாட்டிக்கிச்சி! எடுக்க முடியல! எங்கடி இருக்க?"

புது வார்த்தைகள். அவன் இதுவரை சொல்லாதவை.

அவள் நின்றாள். பின்னால் செருப்புச் சத்தமும் நின்றது. காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது போன்ற ஒரு அமைதி. அவனிடம் போக வேண்டுமென்றால் இருக்கிற ஒரே வழியில் அது நிற்கிறது.

பிறகு, அவளுடைய பிடரி மயிரில் படும்படி, மெதுவாக, புதுப் பண்டத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பது போல அது சொன்னது.

"பாறை இடுக்குல காலு மாட்டிக்கிச்சி."

ஓடினாள்.

முள். கிளை. முகத்தில் ஈரம். ஒரு செருப்பு கழன்றது. எடுக்கவில்லை. மூச்சு. மூச்சு. வெளிச்சம்.

அய்யனார் ரோட்டோரம் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். அவள் வந்த கோலத்தைப் பார்த்ததும் பதறி நிமிர்ந்தார். "இன்னாம்மா ஆச்சி? சாரு எங்க?"

"ஓடையாண்ட... காலு மாட்டிக்கினு..." பின்னால் வந்ததை எப்படிச் சொல்வது?

வழி மலையைச் சுற்றி வளைந்து வருவதால் ஓடை ரோட்டுக்கு நேர் கீழேதான் இருந்தது. பள்ளத்திலிருந்து அவன் கத்துவது இங்கேயும் நன்றாகக் கேட்டது. அய்யனார் போனில் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார். பத்தடி போயிருப்பார். நின்றார். தலையை இடதுபக்கம் திருப்பினார். வலதுபக்கம் திருப்பினார். அப்படியே பின்வாங்கி ரோட்டுக்கு ஏறி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"சாரு கூட வேற யாருனா வந்தாங்களாம்மா?"

"இல்லிங்க."

"ரெண்டு எடத்துலேந்து கூப்புடறாருங்க." அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "இருபது வருஷமா இந்தக் காட்டுல கெடக்கறேன். ஆளுங்க வரட்டும்மா. தனியா நான் எறங்க மாட்டேன்."

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கீழே அவன் அழ ஆரம்பித்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அழுது அவள் கேட்டதில்லை. மலரு, மலரு என்று அவளுடைய பெயரையே சொல்லி அழுதான். இது அவனேதான். அவளுக்கு நெஞ்சு தாங்கவில்லை. அய்யனாரின் கையை உதறிக்கொண்டு பள்ளத்தின் ஓரம்வரை போய், வயிற்றிலிருந்து கத்தினாள்.

"பயப்படாதீங்க! இதோ வந்துட்டேன்! அங்கயே இருங்க!"

அழுகை நின்றது. சொட்டுச் சத்தமும் நின்றது போலிருந்தது. மேகம் அசையவில்லை.

கீழே, ஓடைக்கு வெகு அருகில், ஒரு பெண் பேசினாள்.

"பயப்படாதீங்க. இதோ வந்துட்டேன்."

அய்யனார் டார்ச்சை மலர்விழியின் முகத்தில் அடித்தார். அவளுடைய வாய் மூடியிருந்தது.

"வந்துட்டியா?" பகலவனின் குரலில் உயிர் திரும்பி வந்திருந்தது. "எவ்ளோ நேரமா கூப்புடறேன்... ஒண்ணுமே தெரிலடி இந்த மேகத்துல. எங்க இருக்க?"

"நான் இல்லங்க!" அவள் தொண்டை கிழியக் கத்தினாள். "அது நான் இல்ல! கிட்டப் போவாதீங்க!"

காடு முழுக்க அவளுடைய குரல் எழுந்தது. மேட்டிலிருந்து, பள்ளத்திலிருந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மரங்களிலிருந்தும். நான் இல்லங்க. அது நான் இல்ல. நான் இல்லங்க. இனி அவள் கத்துவதில் எது அவளுடையது என்று யாருக்குத் தெரியும்?

அத்தனைக்கும் நடுவே, கீழே, பகலவன் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது.

"ஒண்ணுமில்லடி, ஏன் இப்பிடிக் கத்தற? இங்கதான் இருக்கேன்" என்றான். "இந்தா, கையப் புடி."