மீன் தங்காத குளம்

குப்பியில் இருந்த தண்ணீருக்கு வாசனையே இல்லை. ஸ்ரீனிவாசராகவன் அதை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனார். அலிப்பூரில் சர்க்கார் தண்ணீர்ப் பரிசோதனைச் சாலையில் ரசாயனி அவர். வங்காளத்து ஆறு குளங்களின் பாசி நெடி, சாக்கடை நெடி, மீன் செதில், சலவைக் காரம், ஊறிய சணலின் அழுகல் எல்லாம் அவருடைய சட்டையிலேயே ஊறியிருந்தன. இந்தத் தண்ணீர் மட்டும் கண்ணாடியைப்போல மௌனமாக இருந்தது.

அது பவானிபூரில் அவர் குடியிருந்த வீட்டுக் கொல்லைக் குளத்துத் தண்ணீர். அந்த மழைக்காலத்தில் தெருவில் காலரா பரவியிருந்தது. மனைவி ஜலஜா முழுகாமல் இருந்தாள். அந்தப் பயத்தில்தான் கொண்டுவந்திருந்தார்.

பெர்மாங்கனேட்டைச் சொட்டினார். அழுக்கு இருந்தால் அந்த ஊதா நிறம் வெளுத்துவிடும். வெளுக்கவில்லை. பூதக்கண்ணாடியின் ஒளிவட்டத்தில் ஒரு புழு இல்லை, ஒரு தூசி இல்லை. மழைத் தண்ணீரில்கூட ஏதாவது இருக்குமே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சந்தோஷம் அந்த எண்ணத்தை மூடிவிட்டது.

"இனிமே கொல்லைத் தண்ணியே குடி. இதைவிடச் சுத்தம் இந்த ஊர்ல கிடையாது" என்றார் வீட்டுக்குப் போனதும்.

ஜலஜா குடித்தாள். கற்கண்டு மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு சோற்றைக்கூடத் தள்ளிவைத்துவிட்டுக் குடித்தாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. மசக்கை என்று நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு ஹரிதாஸ் பாபு வேலியோரம் வந்து நின்று, வங்காளத்து மரியாதையோடு கூப்பிட்டார்.

"மொஷாய், அந்தக் குளத்துத் தண்ணியையா குடிக்கிறீங்க?"

"ஏன்? சோதிச்சுப் பார்த்தாச்சு. நல்ல தண்ணி."

"நல்ல தண்ணிதான். ஆனா அதுல மீன் விட்டாத் தங்காது."

"யாராவது திருடிண்டு போறாளோ என்னமோ."

ஹரிதாஸ் பாபு குளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று குளத்துத் தண்ணீரைக் கையோடு ஆபீசுக்குக் கொண்டுபோய், சேவகனிடம் சந்தையிலிருந்து உயிருள்ள சிறு மீன்களை வாங்கிவரச் சொல்லி, ஒரு கண்ணாடி ஜாடியில் அந்தத் தண்ணீரை ஊற்றி, அதில் விட்டார். வெளியே மேகம் கவிந்து பகலே இருட்டியிருந்தது. கூரையில் மழை ஓயாமல் இரைந்தது. ஜாடியில் மீன்கள் வெள்ளி வெள்ளியாய்ச் சுற்றிவந்தன. பிறகு அந்த வெள்ளி மங்கியது. செவுளின் சிவப்பு கரைந்தது. உடம்பின் ஊடாக மறுபக்கத்துச் சுவர் தெரிந்தது. அப்போதும் அவை நீந்திக்கொண்டிருந்தன. முள் மயிரிழைபோலத் தெரிந்தது. அதுவும் போயிற்று. கருங்கண்கள் மட்டும் ஜோடி ஜோடியாகச் சுற்றின.

அவையும் இல்லை.

ஜாடியில் பெர்மாங்கனேட்டை விட்டார். நிறம் மாறவில்லை. சுத்தம்.

குடையை எடுக்காமல் ஓடினார். வண்டி கிடைக்கவில்லை. முழங்கால் தண்ணீரில், சேற்றில், யார்மீதோ மோதி, மூச்சிரைக்க ஓடினார். குழந்தை, குழந்தை என்று மட்டுமே மனம் அடித்துக்கொண்டது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது.

"ஜலஜா!"

"உள்ளே இருக்கேன்." குரல் ஈரமாக இருந்தது. எங்கோ பானைக்குள்ளிருந்து வருவதுபோல.

மழை இருட்டுக்காக உள்ளே விளக்கு ஏற்றியிருந்தது. அவள் அதற்கு முன்னால் நின்றிருந்தாள். கையில் பித்தளைச் சொம்பு.

"குடிக்காதே! கீழே போடு!"

"தாகம் அடங்கவே மாட்டேங்கறதுன்னா." வயிற்றைத் தடவிக்கொண்டாள். "காலம்பரலேர்ந்து குழந்தை அசையவும் இல்லை."

அவருக்கு விளக்கு தெரிந்தது.

அவளுக்குப் பின்னால் இருந்த விளக்கு. திரி. சுடர். அவள் மார்பின் ஊடாக. கழுத்தின் ஊடாக. எலும்பு இல்லை. ரத்தம் இல்லை. ஈரப் புடவை ஒட்டிய வயிற்றின் ஊடாகவும் வெளிச்சம் தடையில்லாமல் வந்தது. அங்கே எதுவும் இல்லை.

"ஏன்னா, ஏன் அப்படிப் பாக்கறேள்?"

அவள் அவரை நோக்கி ஓரடி வைத்தாள். அவள் உடம்புக்குள் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தளும்பி, மெல்ல நேராயிற்று.