இன்றிரவின் உடை

டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே இராமதாஸ், "இன்னிக்கும் ஃபார்மல் நைட்டுதான் கமலா," என்றார்.

ஐந்து நாள் கப்பல் பயணத்தில் இரண்டே இரண்டு இரவுகள்தான் அப்படிச் சிங்காரித்துக்கொண்டு சாப்பிடப் போகவேண்டும் என்று மகள் சுவேதா விளக்கியிருந்தாள். கமலவேணிக்கு அது நன்றாக நினைவிருந்தது. தவிர, அவர்கள் கப்பலிலேயே இல்லை. முத்தியால்பேட்டையில், சொந்த வீட்டில், தெருப்பக்கக் கூடத்தை அடுத்த படுக்கையறையில் இருந்தார்கள். இது ஏழாவது சாயங்காலம்.

இதை அவளால் சொல்ல முடியவில்லை. நான்கு மாதங்களுக்கு முன், பயணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, கண்ணாடி முன் நின்று புதுப் பட்டுப்புடவையை மடித்துக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊக்கு கை நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. கண் விழித்தபோது வலது கையும் வலது காலும் அவளுடையவையாக இல்லை. பேச்சும் போயிருந்தது. வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: 'சரி.' தண்ணீர் கேட்க நினைத்தாலும் 'சரி', வலிக்கிறது என்று அலற நினைத்தாலும் 'சரி.' உள்ளே எல்லாச் சொற்களும் பத்திரமாகத்தான் இருந்தன. வெளியே வரத்தான் வழி இல்லை.

முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்காகத் பிரெஞ்சு ஊரான துலூஸிலிருந்து மகள் கொடுத்த பரிசு அந்தப் பயணம். வேலை பார்த்த மில் மூடிய பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற இராமதாஸ், வாழ்நாளில் முதல்முறையாகக் கோட்டு தைத்துக்கொண்டார். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வுபெற்று வந்த சொல்தாக்களுக்கெல்லாம் தைத்துப் பழகிய கிழட்டு டெய்லர் ஒருவரிடம் மூன்று தரம் அளவு கொடுத்துத் தைத்த கறுப்புக் கோட்டு. அவளுக்கு ஒயின் நிறப் பட்டும் முத்துமாலையும். பயணம் ரத்தானதும் எல்லாம் பீரோவுக்குள் போய்விட்டன.

முதல் சாயங்காலம் அவர் அவற்றை வெளியே எடுத்தபோது கமலவேணி அழுதாள். சந்தோஷத்தில்தான். சக்கர நாற்காலி முன் மண்டியிட்டு, புடவையை விரல் விரலாக மடித்து, தப்பாகிப்போய்ப் பிரித்து, மறுபடி மடித்துச் செருகிவிட்டார். பவுடர் போட்டார். உதட்டுச் சாயம் பூசினார். கூடத்து மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள்.

மூன்றாவது சாயங்காலத்திலிருந்து அவர் அவள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். மடிப்பு வைக்கும்போது அறைக்கதவைத்தான் அடிக்கடி திரும்பிப் பார்த்தார். அவர் கையில் ஒரு தாளும் இருந்தது.

அந்தத் தாளைப்பற்றியும் சுவேதா சொல்லியிருந்தாள். கப்பலில் தினமும் மத்தியானம் ஒரு தாளை அறைக்கதவின் அடியில் தள்ளிவிட்டுப் போவார்களாம். அன்றைக்கு எங்கே என்ன நிகழ்ச்சி, ராத்திரிக்கு என்ன உடை என்றெல்லாம் அதில் இருக்குமாம். "தினமுமா கல்யாணப் பத்திரிகை வைப்பாங்க?" என்று கேட்டு அப்போது கமலவேணி சிரித்தாள். இப்போது இராமதாஸ் அப்படியொரு தாளைப் படித்து, நான்காக மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். தானே எழுதித் தானே படிக்கிறார் என்று நினைத்தாள். மனுஷர் உடைந்துபோய்விட்டார் என்று நினைத்தாள். அவரை அணைத்துக்கொள்ள ஒரு கைதான் இருந்தது, அதற்கும் எட்டாத தூரத்தில் நின்றார்.

எட்டாம் நாள், பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வரும் அஞ்சலாட்சியிடம் அவர் சொன்னார்:

"நாளைலேந்து அஞ்சு நாளு நீ வர வேணாம். நாங்க கப்பலுக்குப் போறோம்."

"மெய்யாலுமா சார்? அக்காவ ஏத்திக்குவாங்களா?"

"வீல்சேருக்குன்னே ரூமு இருக்குது. டாக்டரும் போலாம்னுட்டாரு."

எந்த டாக்டரிடமும் போகவில்லை. அஞ்சலாட்சி குனிந்து அவள் கன்னத்தைப் பிடித்தாள். "இன்னாக்கா, சந்தோஷமா?"

பொய், என்னை விட்டுட்டுப் போவாதே, இவருக்கு என்னமோ ஆயிடுச்சு. கமலவேணி இடது கையால் அஞ்சலாட்சியின் மணிக்கட்டை இறுகப் பற்றினாள். தலையை ஆட்டினாள். நோய் வந்ததிலிருந்து அவள் தலையாட்டலில் ஆமாம் எது இல்லை எது என்று யாருக்கும் புரிவதில்லை. உயிரைக் கூட்டி வாயைத் திறந்தாள்.

"சரி. சரி. சரி."

அஞ்சலாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாருங்க சார், அக்காவுக்கு எவ்ளோ குஷின்னு."

அன்று சாயங்காலம் போனில் சுவேதாவும் அழுதாள், சிரித்தாள். "ம்மா, அந்த ஒயின் கலரு புடவ கட்டிக்கோம்மா, அப்பா, போட்டோ அனுப்புங்க." இராமதாஸ் குறுக்கே வந்து, நடுக்கடலில் சிக்னல் இருக்காது, ஐந்து நாள் கூப்பிட வேண்டாம் என்றார். போனை அணைத்தார். தெருக்கதவைத் தாழிட்டார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

ஆக, அவளைத் தெரிந்த எல்லோருக்கும் அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியும். இங்கே இல்லை என்று தெரியும்.

மறுநாள் மத்தியானம் அறைக்குள் உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டினார். அறைக்கதவை உள்ளே தாழ்போட்டிருந்தார். நாப்தலீன் வாசனையும் கஞ்சியின் ஆவியும் அடைத்துக் கிடந்த அறையில், ஸ்பூன் கிண்ணத்தில் இடிக்கும் சத்தம் ஒன்றுதான் கேட்டது. ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் ஸ்பூன். அவருடைய இரண்டு கைகளும் அவள் கண்முன்னால் இருந்தன.

கதவின் அடியில் ஒரு தாள் நுழைந்தது.

நிதானமாக, ஓரம் மடங்காமல், குனிந்து நின்று தள்ளும் ஒருவருடைய பொறுமையோடு அது முழுவதுமாக உள்ளே வந்தது. அதன் விளிம்பு நனைந்து கறுத்திருந்தது. வெளியே, ஆளே இல்லாத கூடத்தில், ஈரக்கால்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்து நகர்ந்து போயின.

ஸ்பூன் அவள் உதட்டருகே நின்றது. இராமதாஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்ப்பதைப் பார்த்தார்.

"உனுக்கும் தெரியுதா?" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். முதல் தாள் வந்தபோது யாரோ விளையாடுவதாக நினைத்தாராம். நாலாவது தாளில் அவள் பேர் இருந்ததாம். "நீ நடப்பியாம் கமலா. பேசுவியாம். மொறையா துணி உடுத்திகினு, அஞ்சு நாளு அவங்ககூட குந்தி சாப்ட்டா போதுமாம். வேற ஆளு யாரும் வூட்ல இருக்கக்கூடாதாம். எத்தினி ஆஸ்பத்திரி பாத்தேன், யாரு அப்பிடி சொன்னாங்க சொல்லு?" எழுந்துபோய்த் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "டேபிள்ல நாலு பேருன்னு போட்டிருக்குது."

அன்று ஏழு மணிக்கு மேசையில் நான்கு தட்டுகள் வைத்தார். கமலவேணி பட்டும் முத்தும் சாயமுமாக ஒரு பக்கம். எதிரே இரண்டு பிரம்பு நாற்காலிகள் காலியாக. சக்கர நாற்காலியின் இரும்பு வழியாக அவள் இடது பாதத்தில் ஓர் அதிர்வு ஏறியது. பூமிக்குக் கீழே எங்கோ பெரிய இயந்திரம் ஒன்று ஓயாமல் ஓடுவது போன்ற அடித்தொண்டை முனகல் அது. மோட்டாராக இருக்கும், ஃபிரிட்ஜாக இருக்கும், நோய் பிடித்த தன் மூளையாக இருக்கும் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கலோடு அடங்கியது. முனகல் நிற்கவில்லை. இராமதாஸ் மெழுகுவத்தி ஏற்றினார். மேசைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளர் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது, நின்றது, மெல்ல வலப்பக்கம் திரும்பி வந்தது.

எதிர் நாற்காலிகளின் பிரம்பு, ஒன்றன்பின் ஒன்றாக, அமுங்கியது.

"வாங்க," என்றார் இராமதாஸ். தலையைக் குனிந்துகொண்டார். ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமாங்க. என் வூட்டுக்காரிதான்." மறுபடி கேட்டார். "இல்லீங்க, அவளுக்குப் பேச வராது."

டீசலும் நனைந்த கயிறும் கலந்த நாற்றம் மேசையைக் கடந்து அவள் முகத்தை நெருங்கி வந்தது. நின்றது. முகர்ந்து பார்க்கும் தூரத்தில்.

அந்த ஐந்து நாளில் இரண்டாம் நாள் காலை தெருக்கதவை யாரோ தட்டினார்கள். காஸ் சிலிண்டர்காரர். கமலவேணியின் உடம்பு முழுக்கக் காதாகியது. "சரி!" என்று கத்தினாள். "சரி! சரி!" இராமதாஸ் அவள் வாயைப் பொத்தவில்லை. அவரும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்திருக்க முடியாதவரைப்போல. வெளியே பக்கத்துவீட்டுப் பலராமனின் குரல் கேட்டது. "யாரும் இல்லபா. கப்பல்ல டூரு போயிருக்காங்க. கொடுத்து வச்சவங்க." சைக்கிள் மணி. வண்டி நகரும் சத்தம். அப்புறம் முனகல் மட்டும்.

அன்று மேசையில் ஆறு தட்டுகள்.

மூன்றாம் நாள் அவர் மண்டியிட்டு மடிப்பு வைக்கும்போது விரல்கள் ஓடவில்லை. நாலு மடிப்புக்குமேல் போகவில்லை. கோட்டின் கைகள் ஈரமாக இருந்தன. வெளியே எங்கும் போகாத மனுஷரின் கோட்டில் முழங்கைவரை ஈரம்.

"இன்னிக்கித் தாளுல உன் பேரு மட்டுந்தான் கமலா இருக்குது," என்றார். "எனக்கு எடமில்லியாம்."

அவள் அவர் கோட்டைப் பற்றினாள்.

"நான் போயி சொல்லிட்டு வந்துடறேன். எங்களுக்கு வேணாம், அவளுக்கு நடக்கவே வேணாம், இப்பிடியே இருந்துட்டுப் போவட்டும்னு சொல்லிடறேன். கேப்பாங்க. மனுசங்கதான, கேப்பாங்க."

போகாதீங்க. என்ன உட்டுட்டுப் போகாதீங்க.

"சரி," என்றாள். அவளுக்கே அது கேட்டது. "சரி. சரி."

அவர் அவள் நெற்றியில் கைவைத்தார். அவள் விரல்களைக் கோட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். அறைக்கதவைத் திறந்தபடி விட்டுக் கூடத்தைக் கடந்து, தெருக்கதவின் தாழை நீக்கித் திறந்தார்.

திறந்த கதவுக்கு வெளியே பலராமனின் ஸ்கூட்டர் நிற்க வேண்டும். தெருவிளக்கு எரிய வேண்டும். எதிர்வீட்டுச் சுவர் தெரிய வேண்டும். ஒன்றுமே இல்லை. தெருவே இல்லை. கறுப்பு, அதற்குள்ளிருந்து உப்புக்காற்று. இராமதாஸ் உயரமான படி ஒன்றைத் தாண்டுபவரைப்போலக் காலைத் தூக்கி வைத்து வெளியே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

காத்திருந்தாள்.

கடல் பக்கமிருந்து ஒரு சங்கு நீளமாக ஒலித்தது. மில் சங்கு இல்லை. மில் மூடி எத்தனையோ வருஷம். ஜன்னல் கம்பிகள் அதிர்ந்து அடங்கின.

அவர் வரவில்லை.

அவர் ஏற்றி வைத்திருந்த மெழுகுவத்தி கரைந்து அணைந்தது. இரவு போனது. ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் வந்தது. தெருவில் பால்காரர், பள்ளிக்கூட வேன், மீன் விற்பவளின் குரல். எல்லாம் பத்தடித் தூரத்தில். இடது கையால் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தாள். நாற்காலி நின்ற இடத்திலேயே வட்டமாகத் திரும்பியது. நாக்கு ஒட்டிக்கொண்டது. "சரி" கூட வரவில்லை. அஞ்சலாட்சி வர இன்னும் இரண்டு நாள்.

மத்தியானம் தாள் வந்தது. அவள் காலடிவரை வந்தது.

வெளிச்சம் சிவந்தது. மங்கியது.

கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். ஒன்று. இரண்டு. பிறகு எண்ண முடியாத அளவுக்குப் பல. தட்டுகள் பரப்பும் ஓசை. எல்லோரும் உட்கார்ந்த பிறகு வரும் அமைதி.

அவர்கள் காத்திருந்தார்கள்.

ஈரக்கால்கள் கூடத்தைக் கடந்தன. அறை வாசல். இன்னும் பக்கத்தில். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கறுப்புத்துணி சரசரத்தது. முன்னால் ஏதோ தணிந்தது. மண்டியிட்டது.

அவிழ்ந்து கிடந்த புடவையை ஒரு கை எடுத்தது.

இராமதாஸ். அவராகத்தான் இருக்கும். திரும்பி வந்துவிட்டார். கண்ணைத் திறந்தாள்.

கறுப்புக் கோட்டு. குனிந்த தலை. இராமதாஸுக்கு உச்சி வழுக்கை. இந்தத் தலையில் கற்றை கற்றையாக நீண்ட முடி. அதிலிருந்து தண்ணீர் பட்டின்மேல் சொட்டியது. விரல்கள் வெளுத்து ஊறியிருந்தன. தடுமாறவில்லை. ஒரு மடிப்பு. இன்னொன்று. ஐந்து. ஆறு. அவள் அம்மாகூட அவ்வளவு நேர்த்தியாக மடித்ததில்லை.

ஏழாவது மடிப்பை இடுப்பில் செருகி, உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டு, அது முகத்தை மெல்ல மேலே தூக்கத் தொடங்கியது.