நஸீமாவின் உறை

தொள்ளாயிரம் மணி நேரத் தையல் பயிற்சியில் இன்னும் நான்கு மணி நேரம் பாக்கி. தொண்ணூறு மதிப்பெண்ணோடு அதை முடிப்பவர்களுக்கு, ஆள் தேவைப்படும் எல்லா வேலையும் உறுதி என்று நான்கு மாவட்டங்களும் நாற்பது பனியன் கம்பெனிகளும் சேர்ந்த திறன் கூட்டிணைவு எழுதிக் கொடுத்திருந்தது. அதை நம்பித்தான் நஸீமா மகளை விடுதியில் விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்திருந்தாள்.

எல்லோர் கையிலும் உணர்வுறை. விரல் துணியை எங்கே அழுத்துகிறது, எங்கே விடுகிறது என்று அது பதிந்துகொள்ளும். தவறினால் விரலைச் சுண்டும்.

"இன்னிக்கு மட்டும் நூறு சுண்டு. எங்க மாமியார்கூட இப்படிப் படுத்தினதில்ல" என்றாள் நஸீமா.

பக்கத்து மிஷினில் ஜமுனா சிரிக்கவில்லை. காலையில் பயிற்சி ஒருங்கிணைப்பாளர் சம்பத் அவளைத் தனியே கூப்பிட்டு, நஸீமாவின் உறையில் பதிவானதைக் காட்டிப் பாராட்டியிருந்தார். அதிலிருந்து அவள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மூடிவைத்திருந்தவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நஸீமாவுக்குக் கழுத்துப்பட்டி மட்டும் வரவே இல்லை. பனியன் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஆளில்லாமல் தைக்கும் எந்த இயந்திரமும் அதனிடம் தோற்றுத்தான் போயிருந்தது. பக்கத்து ஆளிடம் பீஸ் தேங்கினால் இழுத்துப் போட்டுத் தைத்துக் கொடுப்பது பனியன் கம்பெனி வழக்கம். ஜமுனாவும் அதைத்தான் செய்தாள். இரண்டு மாதமாக, நஸீமா கோணலாகத் தைத்ததும் அவளுடைய உறையை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டு, அதே கழுத்தைப் பிரித்து, இரண்டு விரலைத் தளர்த்தி நேராகத் தைத்தாள். நாற்பதில் கிடந்த நஸீமாவின் மதிப்பெண் தொண்ணூற்றொன்றுக்கு ஏறியது.

மணி நான்கு. சுவர்த்திரையில் தொள்ளாயிரம் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வரிசையாக நின்ற இயந்திரத் தையல்கரங்களின் மூடுதுணியை யாரோ உருவினார்கள். முதல் கரம் ஒரு கழுத்துப்பட்டியை எடுத்தது. ஊசிக்கு முன்னால் துணி கோணியது. கரம் நின்றது, இரண்டு விரலைத் தளர்த்தியது, நேராக்கித் தைத்தது.

"ஏ ஜமுனா, அங்க பாரேன்! அப்படியே என் கோணல்!" நஸீமா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு போனை எடுத்தாள். "வேலைக்கு என்னிக்கு வரச் சொல்றாங்க? பாப்பாகிட்ட சொல்லணும்."

ஜமுனா அவள் கையிலிருந்து போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேல இல்லடி, ஆள் தேவப்படற வேலையே இனி இல்ல. நேராத் தெக்கற கை அந்த மிஷினுக்கு நம்ம உறைகள்ல எத்தனையோ கெடச்சுது. கோணுனா எப்பிடி நேராக்கறதுன்னுதான் தெரியாம இருந்துச்சு. உன்ற உறையப் போட்டுட்டு நாந்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்."