பகைமானியின் முள்

மாதப் பிறப்பன்று வீட்டுக்காரர் ஏகாம்பரமும் குடித்தனக்காரி ரெஜினாவும் ஒரே படகில் ஏறி, ஒரே பன்னைப் பிய்த்துத் தின்றபடி, ஒருவர்மேல் ஒருவர் வழக்காட நீதிமன்றம் போவார்கள். ராயபுரத்தில் கடல் வாடகை கொடுக்காமல் குடியேறிவிட்டதால் படகு.

செவ்வாய் கிரகத்துப் பொட்டல்காட்டுக்காகக் கம்பெனிகள் போட்ட வழக்குகளில் நீதிமன்றக் கட்டணம் மழையாய்க் கொட்டியது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்கு வாங்கிய ஏழைக்கு அதிலிருந்து வக்கீலும் வாடகையும் கொடுத்தது அரசு. ஊர் சும்மா இருக்குமா? வீட்டுக்காரர்கள் குடித்தனக்காரர்களோடு பேசிவைத்துக்கொண்டு பிரியமாக வழக்குப் போட்டார்கள். ஒருவர் வெற்றிலை பாக்கு வைத்து வழக்குக்கு அழைத்ததாகக் கேள்வி. அரசு விழித்துக்கொண்டு, பகை நிஜமா என்று அளக்கும் பகைமானியை நீதிமன்றத்தில் வைத்தது. மாதாமாதம் இருவரும் அதில் உள்ளங்கை பதித்துச் சண்டை போட வேண்டும். முள் சிவப்பைத் தொட்டால்தான் வாடகை.

இவர்களுக்கு இரண்டு மாதமாக முள் சிவப்பைத் தொடவில்லை. இன்றும் தவறினால் உதவி அடியோடு நின்றுவிடும். பிறகு வீட்டின்மேல் கடன் கொடுத்த வங்கி இருவரையும் சேர்த்தே தண்ணீரில் இறக்கிவிடும்.

“நல்லா திட்டுண்ணா. சிரிக்க வெக்காத,” என்றாள் ரெஜினா.

“நீ மூஞ்ச அப்டி வெச்சிகினா எப்டிமா திட்றது?”

நீதிமன்றத்தில் பகைமானிமேல் கையை வைத்தார்கள்.

“ஒன் கருவாட்டு நாத்தத்துல என் வூட்டுச் செவுரே மூக்கப் பொத்திக்குது!” என்றார் ஏகாம்பரம்.

“ஒன் கொறட்டைக்குப் பயந்து கடலே ரெண்டடி பின்னால போச்சு, தெரியுமா?”

இருவருக்கும் சிரிப்பு முட்டியது. முள் அசையவில்லை. “கடைசி வாய்ப்பு,” என்றது நீதிபதி நாற்காலியில் இருந்த நீதிப்பொறி.

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். ரெஜினாவின் மகன் சேவியரை அலை அடித்துப் போட்ட அன்று சவப்பெட்டியின் தலைமாட்டைத் தூக்கியவர் அவர்.

“ஒம் புள்ள கடல்ல வுழல. ஒன்னாண்டருந்து தப்பிச்சிப் போனான்.”

முள் கடைசிக் கோட்டில் மோதி நின்றது.

“உண்மைப் பகை. வாடகை தொடரும்.”

“சும்மானாச்சுக்கும் சொன்னேம்மா... வூட்டுக்காக...”

ரெஜினா உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“தெரியும்ண்ணா,” என்றாள். வேறு படகில் ஏறிக்கொண்டாள்.

மாடிப்படியில் ஏகாம்பரத்துக்காக வழக்கமாக வந்து உட்காரும் மீன்குழம்புக் கிண்ணம் அந்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வாடகை மட்டும் தேதி தவறாமல் வந்தது.

அடுத்த மாதம் இருவரும் கையை வைத்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. முள் தானாகவே எழுந்து சிவப்பில் போய் உட்கார்ந்தது.

கொஞ்சம் இறங்காதா என்று ஏகாம்பரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.