யாரோட கை?

தட்டின் வலப்பக்கத்தில் இருந்த இட்லியை மட்டும் தின்றுவிட்டு, "இன்னொண்ணு வைக்கலையா?" என்றான் பிச்சைமுத்து. இடப்பக்கத்தில் இரண்டு இட்லிகள் ஆறிக்கொண்டிருந்தன. விளையாடுகிறான் என்று அவன் மனைவி சகாயராணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலையாக இருந்தபோதே மூளையில் ரத்தக்குழாய் புடைத்து வெடித்து, மண்டையைத் திறந்து வெடித்த இடத்தில் கிளிப் போட்டுப் பிழைத்தவன் அவன். கண்டம் தாண்டிவிட்டது என்றுதான் அவள் நம்பியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே காவிரிப் பாலத்தில் பஸ்கள் ஊர்ந்துகொண்டிருக்க, ஆஸ்பத்திரி அறைக்குள் பினாயில் வாடையும் சாயங்கால வெயிலும் மானிட்டரின் சீரான சத்தமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்க, அவன் குனிந்து போர்வையை உற்றுப் பார்த்தான்.

"ராணி, இது யாரோட கை?"

"உங்க கைதாங்க."

"என்னோடது இல்ல. யாரோ கொண்டாந்து போட்டிருக்காங்க. எடுக்கச் சொல்லு."

அவனுடைய இடது கை. அவள் தூக்கிப் பார்த்தாள். ஈரத்துணி போலத் தொங்கியது.

"சிஸ்டர்!"

நர்ஸ் லிசி ஓடிவந்தாள். பின்னாலேயே டாக்டர் நிஷா.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்குதும்மா, அதான் இடது பக்கமே அவருக்குத் தெரியல. ஆபரேஷன் நல்லா முடிஞ்சாலும் சிலருக்கு இப்படி வரும். தொடை வழியா மெல்லிசா ட்யூப் விட்டு மருந்தை அங்கேயே செலுத்தணும். தாமதிச்சா ஒரு பக்கமே விழுந்துடும்."

சகாயராணி தலையாட்டினாள். ஸ்ட்ரெச்சர் உருண்டது. அவன் கத்திக்கொண்டே போனான். "அதையும் ஏன் என்கூட ஏத்துறீங்க?"

திரும்பக் கொண்டுவந்தபோது விளக்கு போட்டிருந்தார்கள்.

"குழாய் திறந்துடுச்சு. இடது கையை அசைங்க பாப்போம்," என்றார் டாக்டர்.

விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

"யாரோட கை?"

"என்னோடதுதான் டாக்டர்."

எல்லோரும் போனபின் அவள் கட்டிலின் இடப்பக்கம் உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு, அவன் கையைப் பற்றிக்கொண்டாள். அழுகை வந்தது. கை சில்லிட்டிருந்தது. சூடேறட்டும் என்று தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஏறவில்லை.

"தண்ணி வேணும் ராணி. இரு, நானே எடுக்கறேன்."

பக்கத்து மேசையிலிருந்து டம்ளரை எடுத்தான். ஸ்ட்ராவை வாயில் வைத்துக்கொண்டு, மெதுவாக, ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தான். டம்ளரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

இரண்டு கைகளாலும்.

அவள் எண்ணிப் பார்த்தாள். இரண்டு.

மானிட்டர் சத்தம்.

அவள் அசையவில்லை. போர்வைக்குள், அவள் உள்ளங்கையைச் சுற்றி, சில்லிட்ட ஐந்து விரல்கள் மெல்ல இறுகின.