மூன்றாம் மாடியில் திறந்த கதவு

மெயின் ஸ்விட்சை இறக்கி, ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்ட பிறகும், கீழே மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவு ஒருமுறை திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. மழையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான் லிஃப்ட் மெக்கானிக் நாகராஜ்.

மும்பை மாட்டுங்காவின் அந்தப் பழைய கட்டடத்து மொட்டைமாடியில், மோட்டார் அறையில், கிரீஸ் நாற்றத்துக்கும் ஈரச் சுண்ணாம்பு வாடைக்கும் நடுவே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். லிஃப்டை ஓட்டும் போர்டு கிழடு. அதிலிருந்த சிஸ்டம் அதைவிடக் கிழடு. அடிக்கடி ஹேங் ஆகி, லிஃப்ட் வராமலே கதவைத் திறந்துவிடும். "இதுக்கெல்லாம் புதுசு வராது சார்" என்று சொசைட்டிக்காரர்களிடம் வருடக்கணக்காகச் சொல்லிவந்தான். தேடிப் பார்த்ததே இல்லை. போன வாரம் மூன்றாம் மாடி வாலாம்பாள் மாமி, திறந்த கதவை நம்பிக் காலை வைத்துவிட்டாள். லிஃப்ட் குழியிலிருந்து எடுத்தபோது உயிர் இல்லை.

இன்றுதான் நெட்டில் தேடினான். ஒரு கட்டிங் சாய் ஆறுவதற்குள் கிடைத்துவிட்டது. ஓப்பன் சோர்ஸ். முகம் தெரியாத யார் யாரோ அந்தக் கிழட்டுச் சிப்பைக் கைவிடாமல், போன மாதம்கூடப் புது வெர்ஷன் போட்டிருந்தார்கள். காசுகூட இல்லை. இவ்வளவுதானா? இதைத் தேடத்தான் சோம்பல்பட்டானா?

ஆனாலும், லேப்டாப் கேபிளிலேயே போர்டுக்குக் கரண்ட் கொடுத்து, அவசரமாக ஏற்றினான். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். புதியது ஏறினால் பழையது ஹேங் ஆன தடயமே இருக்காது. மாமிதான் பார்க்காமல் கால் வைத்தாள் என்றாகிவிடும். பாவி, பாவி என்று தன்னைத் திட்டிக்கொண்டேதான் என்டரைத் தட்டினான்.

பழையது அழிந்தது. புதியது ஏறியது. அதன்மேல் தனியாகப் போடவேண்டிய, கதவைத் திறக்கும் புரோகிராமை அவன் இன்னும் போடவேயில்லை.

கீழே கதவு திறந்தது.

மூடவில்லை.

கயிறு இறங்கும் ஓட்டை வழியே, மாமி பூசும் முகப்பவுடர் வாசனை ஏறி வந்தது. வளையல் சத்தம். பிறகு மாமியின் கணவர் ஜெயராமின் குரல்.

"வாலா, வந்துட்டியா?"

நாகராஜ் படிகளில் விழுந்தடித்து ஓடினான்.

கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை. இருட்டு. ஜெயராம் ஒரு காலைத் தூக்கியிருந்தார்.

"சார், போவாதிய! உள்ள ஒண்ணுமில்ல! தப்பு எம்மேலதான் சார்!"

"இதோ நிக்கறாளேடா."

காலை வைத்தார்.

விழவில்லை.

வெறும் இருட்டின் மேல் நின்றார். பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டு நகர்ந்தார். கதவு மூடாதபடி கையை நீட்டிப் பிடித்தார்.

"வா, நாகராஜ். நீ வர்ற வரைக்கும் புடிச்சுக்கச் சொல்றா."