கோணல் வட்டம்

விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்தபோதுதான் அனுசுயா கவனித்தாள்: மணிக்கட்டின் உள்பக்கம், சாக்பீஸால் போட்ட ஒரு வெள்ளை வட்டம். அன்று ஞாயிற்றுக்கிழமை. பட்டறைப் பக்கமே அவள் போகவில்லை.

திருவெறும்பூரில் கொதிகலன் பாகங்கள் செய்யும் பட்டறை அது. வெல்டிங் ஒட்டுகளைச் சோதிப்பது அவள் வேலை. குறை தெரிந்த இடத்தில் சாக்பீஸால் வட்டமிடுவாள். "அரைச்சு எடுத்துட்டு மறுபடி போடுங்க." அவ்வளவுதான் பேச்சு. வெல்டர் அந்த இடத்தைக் கிரைண்டரால் அரைத்தெடுத்துவிட்டு முதலிலிருந்து ஒட்டவேண்டும். முட்டையிலும் மயிர் பிடுங்குகிறவள் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். காதில் விழும். உள்ளூர அவளுக்குப் பெருமைதான்.

அந்தப் பெருமைக்கு உடம்பு விலை கொடுத்தது. வயிறு எரிந்தது, கழுத்து திரும்பவில்லை, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தாள். "எதையும் கொஞ்சம் விட்டுப் பிடிங்கம்மா" என்றார் தென்னூர் டாக்டர். அவர் எழுதிய மாத்திரையை வாங்கத்தான் கணவன் அழகிரி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"துணியெல்லாம் நான் மடிச்சபடியே இருக்கட்டும் அனு. தொடாத."

"ஓரம் சேரலைங்க."

"சேராட்டிப் போகுது. படுத்துக்க, வந்துடறேன்."

அவன் தெருமுனை தாண்டுவதற்குள் அவள் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மடிக்க ஆரம்பித்துவிட்டாள். குனிந்தபோது சேலை விலகியது. வயிற்றிலும் ஒரு வட்டம், சரியாக எரிகிற இடத்தில். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்து உரிந்ததே தவிர, வட்டம் போகவில்லை.

கொள்ளிடக் காற்று ஜன்னல் வழியே வந்து மல்லிகை வாசத்தையும் யாரோ வீட்டு ரசத்தின் வாசத்தையும் கூடத்தில் பரப்பிக்கொண்டிருக்க, அவற்றுக்கு அடியில், மெல்ல, சுட்ட இரும்பின் வாடை எழுந்தது.

டோமினிக்.

சித்திரை வெயிலில் இரும்புத் தொட்டிக்குள் படுத்தபடி ஒட்டிய வெல்டர். அவன் ஒட்டில் குறையே இல்லை, சோதனையிலும் தேறியிருந்தது. பார்க்கச் சீராக இல்லை என்பதற்காக மட்டும் வட்டமிட்டாள். மறுபடியும். மறுபடியும். "தலை சுத்துது மேடம், நாளைக்குப் போடறேன்" என்று கெஞ்சினான். "இன்னைக்கே போடுங்க" என்றாள். கடைசியில் அவனைப் பிணமாகக் காலைப் பிடித்துத்தான் வெளியே இழுத்தார்கள். அப்போதும் அவள் டார்ச் அடித்து ஒட்டைத்தான் பார்த்தாள்.

நறநற.

தன் பல்லோ என்று வாயைத் தொட்டுப் பார்த்தாள். வாய் திறந்துதான் இருந்தது. சத்தம் குளியலறையிலிருந்து வந்தது. நறநறப்பு கிரைண்டர் இரைச்சலானது. வாசலுக்கு ஓட நினைத்தாள்.

வழியில் நிலைக்கண்ணாடி.

தொண்டைக்குழியில் புது வட்டம்.

கோணல்.

ஒரு பக்கம் நசுங்கி, முனை சேராமல். இதைப் போய் வட்டம் என்று போட்டிருக்கிறானே! ஓடு என்றது மனம். கால் நகரவில்லை. முந்தானையால் துடைத்தாள். இது மட்டும் அழிந்தது. கையில் சாக்பீஸ் எப்படி வந்தது என்று தெரியவில்லை. மூச்சை அடக்கி, தொண்டைக்குழியைச் சுற்றி மெதுவாக வரைந்தாள். முனையோடு முனை சேர்ந்தது. பிசிறே இல்லை.

இரைச்சல் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"இப்ப சரியா இருக்கா மேடம்?"

கண்ணாடி முழுக்கத் தீப்பொறி. அனுசுயா முகவாயை உயர்த்தி, கழுத்தை வாகாகக் காட்டினாள்.